பி.டி. சார் சொன்ன வயது

எங்கள் பி.டி. சார் எந்தப் பிள்ளையைப் புதிதாகப் பார்த்தாலும் முதலில் பெயரைக் கேட்க மாட்டார். "கிழக்க பாத்து நில்லு" என்பார். நின்றதும் "ஈ காட்டு" என்பார். பிறகு "ஆ". சுரங்கத்து மண்மேட்டுக்கு மேலே ஏறி வந்த காலை வெயில் நேராக வாய்க்குள் விழும். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவார். தலையைச் சாய்த்து மேல்வரிசையை ஒருமுறை, கீழ்வரிசையை ஒருமுறை பார்ப்பார். யார் வாயையும் அவர் விரலால் தொட்டதில்லை. பார்த்து முடித்து நிமிர்ந்ததும், "ஒம்பது முடிஞ்சு பத்து நடக்கு. சரி, பேரு என்ன?" என்பார்.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். மனைவிக்குச் சுரங்க நகரியத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததால் இந்த ஊருக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். வடக்குத்திலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வரும் எங்கள் பள்ளிக்கு அவர் மாற்றலாகி வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. என் தங்கை மேரி ஆறாம் வகுப்பு.

எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் மாதத்தில் வரும். ஜூனில் அத்தனை குழந்தைகள் பிறந்தார்கள் என்பதல்ல காரணம். ஜூனில் பள்ளி திறப்பார்கள், அன்றைக்குத் தோன்றிய தேதியை எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். என்னைச் சேர்த்தபோது எனக்கு ஏழு வயது. முந்திரிக்கொட்டை பொறுக்குகிற நாளில் பிறந்தவள் என்பது அம்மாவுக்குத் தெரியும். வருடத்தை எண்ணிச் சொல்லத் தெரியாது. நான்தான் பின்னால் மேரியின் தேதியிலிருந்து எண்ணிக் கண்டுபிடித்தேன். ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். நான் குச்சிபோல, குள்ளமாக இருந்தேன். எட்டவில்லை. "அஞ்சு போட்டுக்கலாம்" என்றார். அப்பா தலையாட்டினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதப்பட்ட முதல் ஆள் நான். இன்று கணக்கு டீச்சராக இருக்கிறேன். இதை எங்கே வேண்டுமானாலும் தலைநிமிர்ந்து சொல்வேன். ஆனால் அந்த முதல் எழுத்திலேயே இரண்டு வருடம் விட்டுப் போயிருந்தது.

சாருக்கு இந்த ஜூன் கதை வந்த வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ரெஜிஸ்டரை ஒரு தடவை புரட்டிவிட்டு மூடி வைத்தாராம். "வயச உங்கப்பன்கிட்ட கேட்டா அவன் நெனச்சதச் சொல்லுவான். ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டா அவரு எழுதுனதச் சொல்லுவாரு. பல்லுக்கு ரெண்டு பேரையும் தெரியாது" என்பார்.

எங்களுக்கு அவர் வாயைப் படிப்பது வேடிக்கையாக இருந்தது. கேட்டால் சொல்லவும் செய்வார். முன்பல் புதிதாக முளைக்கும்போது விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும். கடித்துக் கடித்துத் தேய்ந்து சமமாகும். ரம்பம் இருந்தால் எட்டை ஒட்டி. சமமாகியிருந்தால் அதற்கு மேல். பால்பல் எத்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது, கோரைப்பல் முழுதாக இறங்கிவிட்டதா என்று அடுத்தடுத்துப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் பின்னால், கன்னத்தின் உள்ளே, இரண்டாவது பெரிய கடைவாய்ப்பல் வந்துவிட்டதா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. வந்திருந்தால் பன்னிரண்டு. "அதுக்கு மேல பேச்சு கிடையாது" என்பார். இங்கே வருமுன் ஓர் ஆண்கள் பள்ளியில் பல வருடம் இருந்தவர். பிறந்த தேதி உறுதியாகத் தெரிந்த பிள்ளைகளின் வாயை வருடா வருடம் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

ஒருநாள் பண்ருட்டியிலிருந்து திரும்பும் டவுன் பஸ்ஸில் கண்டக்டருக்கும் ஓர் அம்மாவுக்கும் சண்டை. பையன் நெடுநெடுவென்று இருந்தான். கண்டக்டர் முழு டிக்கெட் கேட்டார். அந்த அம்மா, "ஆளுதாங்க வளத்தி. வயசு ஆவல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். முன்சீட்டிலிருந்து சார் எழுந்து வந்தார். "தம்பி, ஜன்னல் பக்கம் திரும்பு. ஆ காட்டு."

பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம் சொன்னார்: "இவனுக்குப் பால்பல்லே இன்னும் மூணு கெடக்கு. பத்து தாண்டல. அரை டிக்கெட் குடுங்க." அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கொஞ்சநாள் கழித்து அதே பஸ்ஸில் இன்னோர் அம்மா தன் மகளுக்கு அரை டிக்கெட் கேட்டாள். யாரும் கூப்பிடாமலே சார் எழுந்து போனார். "முழு டிக்கெட்தாம்மா" என்றார்.

"உங்கள யாரு கேட்டா? போய் உக்காருங்க பல்லு ஜோசியரே" என்றாள் அவள். பஸ்ஸே சிரித்தது.

சார் கோபப்படவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற எங்களிடம் சொன்னார்: "ஜோசியம்னா பலிக்காமலும் போகும். இது போகாது."

வட்டாரப் போட்டிகளில் அவரைக் கண்டால் மற்றப் பள்ளி மாஸ்டர்களுக்கு ஆகாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் ஓட்டத்துக்குச் சவரம் செய்த கன்னத்தோடு ஒருவன் வந்து நிற்பான். இவர் போய்க் கிழக்கே பார்க்கச் சொல்வார். ஒருமுறை எதிர்ப்பள்ளி மாஸ்டர் கத்தினார்: "எங்க பசங்க வாயத் தொறக்கச் சொல்ல நீ யாருய்யா? மாட்டுத் தரகனா?" அன்றிலிருந்து எங்களுக்குள் அவர் பெயர் தரகர். அது அவருக்கும் தெரியும். "தரகருக்குக் கமிஷன் உண்டு பிள்ள. எனக்கு அதுவும் இல்ல" என்றார்.

ஏன் இப்படி இருக்கிறார் என்று ஒருநாள் அவரே சொன்னார். அவர் சின்னப்பையனாக ஓடிய காலத்தில் மாவட்டப் போட்டியில் பக்கத்துக் கோட்டில் நின்றவனுக்கு மீசை அரும்பியிருந்ததாம். "அவன் மேல கோவம் இல்ல. அவனக் கொண்டாந்து நிறுத்துனாம் பாரு ஒரு மாஸ்டர், அவன் மாதிரி நான் ஆகக் கூடாதுன்னு நெனச்சேன்." ஒரு வயது கூடின பிள்ளையை அனுப்பினால் எங்கோ பேர் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையின் இடத்தைத் தட்டிப் பறிக்கிறோம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கு இப்போதும் பிழை தெரியவில்லை.

மேரி ஓடுவாள். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மற்றவர்கள் ஓடும்போது கால் தரையில் அடிக்கிற சத்தம் கேட்கும்; அவள் ஓடும்போது பாவாடை படபடக்கிற சத்தம்தான் கேட்கும். சார் முதல்முறை அவளை ஓடவிட்டு ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கச் சொல்லி மறுபடி ஓடவிட்டார். மறுபடி பார்த்தார். அன்று மாலை அவர் தன் டிவிஎஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டே எங்களோடு பள்ளி வாசல் வரை நடந்து வந்தார். அவள் வீட்டில் என்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த வருடம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். ஏழாம் வகுப்பில் சேர்ந்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தங்க இடம், சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சேரும்போது பன்னிரண்டு வயது முடிந்திருக்கக் கூடாது. எங்கள் அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆகும் என்று வருடம் தோறும் சொல்வார்கள். இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் பத்தாவதுக்கு மேல் படிக்க வைக்க முடியும் என்று அப்பா ஒளிவில்லாமலே சொல்லி வைத்திருந்தார். மேரி விடுதிக்குப் போனால் இரண்டு பேருமே படிப்போம். வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பி.டி. சார் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் போகாது. கையெழுத்துக்கு முன் எல்லாரையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார். மேரிக்குத் துணையாக நான் பக்கத்தில் நின்றேன். அவளுக்குப் பின்னால் அவள் வகுப்புத் தோழி கலா நின்றாள். கலாவின் அம்மா அப்பா முந்திரிக்காட்டு வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள். அவள் எங்கே பிறந்தாள், எந்த வருடம் பிறந்தாள் என்று அவர்களுக்கே ஆளுக்கொரு கதை.

சார் மேரியின் வாயைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"பின்னாடி நாலும் வந்திருக்கே பிள்ள" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. "உனக்குப் பன்னெண்டு தாண்டிட்டு."

"பதினொண்ணு சார்" என்றாள் மேரி. "பொங்கலுக்குத்தான் முடிஞ்சிது."

அவர் ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். அக்கா தங்கை இரண்டு பேர் தேதியையும் பார்த்தார். எனக்கு ஜூன். அவளுக்கு அடுத்து வந்த ஜனவரி.

"உங்கம்மா ஏழு மாசத்துல அடுத்த பிள்ளையைப் பெத்தாங்களாக்கும்?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. வகுப்பில் முதல் மாணவி நான்; என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

"என் தேதிதான் சார் தப்பு. ரெண்டு வருசம் கம்மியா எழுதிட்டாங்க. அவளது சரி" என்றேன்.

"கிழக்க பாத்து நில்லு" என்றார். நின்றேன். பார்த்தார்.

"நீ சொல்லுதது நெசம். உனக்குப் பதிமூணு தாண்டிட்டு. ரெண்டு வருசம் கம்மிதான்." பிறகு மெதுவாக, என்னைப் புண்படுத்திவிடக் கூடாதே என்பதுபோலச் சொன்னார்: "அக்காளுக்கு ரெண்டு வருசம் கம்மியா எழுதுன அதே பள்ளிக்கூடம், அதே அப்பா. தங்கச்சிக்கு மட்டும் சரியா எழுதியிருப்பாங்களா பிள்ள?"

அவர் என் விஷயத்தில் கண்டுபிடித்தது முழுக்க முழுக்கச் சரி. அந்தச் சரிதான் மேரியைக் கவிழ்த்தது.

அடுத்து கலா. "பதிமூணு முடிஞ்சிருக்கு" என்றார். கலாவுக்கு விடுதி கைவிட்டுப் போனதே மறந்துவிட்டது. அதுவரை அவளுக்கு யாரும் வயது சொன்னதில்லை. "எனக்குப் பதிமூணு, எனக்குப் பதிமூணு" என்று சொல்லிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வந்தாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, சட்டையில் பழுப்புத் தூசியோடு அப்பா நேராக மைதானத்துக்கு வந்தார். மேரி கடலூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அந்தப் பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

சார் இரண்டு பக்கமும் பார்த்தார். "தேதி சரியா இருக்கு. பேர் எங்கங்க? பெண் குழந்தைன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப இன்னும் பேரு வெக்கலீங்க சார்."

"போன வருசம் ஒருத்தர் தம்பி சர்ட்டிபிகேட்ட அண்ணனுக்குன்னு கொண்டாந்தாரு. அதுலயும் பேரு இல்ல."

"எனக்கு ரெண்டே பொண்ணுதான் சார். மூணாவது கெடையாது."

சார் ரொம்ப நேரம் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தார். அவர் தயங்கினார் என்பதை நான் பார்த்தேன். பிறகு திருப்பிக் கொடுத்தார். "பல்லு மட்டும் சரியா இருந்தா நான் இந்தத் தாளக் கேட்டிருக்கவே மாட்டேங்க. என்னால மனசாட்சிய விட்டுட்டுக் கையெழுத்துப் போட முடியாது."

அப்பா தாளை உறைக்குள் வைத்தார். "மாட்டுக்குத்தான் சார் பல்லு பாப்பாங்க" என்றார். சண்டையாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருடம் எங்கள் பள்ளியிலிருந்து யாரும் விடுதிக்குப் போகவில்லை.

சார் மேரியை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் ஓட வைத்தார். தன் பணத்தில் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தார். ஆனால் போட்டி என்று வந்தால் அவர் பார்த்த வயதில்தான் நிறுத்துவார். பதினோரு வயதுப் பிள்ளை பதினான்கு வயதுக்காரிகளோடு ஓடினாள். நான்காவதாக வருவாள், ஐந்தாவதாக வருவாள். "காலு இன்னும் நீளணும் உனக்கு" என்று தேற்றுவார். ஒன்பதாம் வகுப்பில் அவள் மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஷூவைத் துடைத்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். பத்தாவது முடித்துக் கடலூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். நான் பன்னிரண்டாவது படித்தேன், டிகிரி படித்தேன், பி.எட். சேர்ந்தேன்.

மேரிக்குப் பத்தொன்பது நடக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வாசலில் டிவிஎஸ் வந்து நின்றது. சாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சார் உட்காரவில்லை.

"என் பொண்ணுக்குப் பதினொண்ணு இன்னும் முடியலங்க" என்று ஆரம்பித்தார். "அவ பொறந்தப்ப நான் வெளிய வராண்டாவுல நிக்கேன். அவ வயசுல எனக்குச் சந்தேகம் வர வழி இல்ல. போன மாசம் பல் தேய்க்கும்போது தற்செயலா வாயப் பாத்தேன். பின்னாடி நாலும் வந்திருக்கு."

மேரி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அதுக்கப்புறம் குவார்ட்டர்ஸ்ல, ஆஸ்பத்திரியில பொறந்த பொம்பளப் பிள்ளைகளா ஒவ்வொண்ணாப் பாத்தேன். பலருக்கு முந்தித்தான் வருது. சிலருக்கு ரொம்பவே முந்தி. பிள்ளைக்குப் பிள்ள மாறுது. நான் பாத்துக் கத்துக்கிட்டதெல்லாம் பயலுக வாய்." அப்பாவைப் பார்த்துக் கைகளைக் கூப்பினார். "நீங்க கொண்டாந்த தாளு சரிதாங்க. மேரிக்கு அன்னைக்குப் பதினொண்ணுதான்."

அப்பா என்ன செய்வதென்று தெரியாமல், "உக்காருங்க சார், டீ போடச் சொல்றேன்" என்றார்.

மேரி சோற்றுக் கையோடு எழுந்து வந்து கதவோரம் நின்றாள். "அப்ப அன்னைக்கு நான் போயிருந்தா ஜெயிச்சிருப்பனா சார்?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. அது அவருக்கு வராது. "நீ ஓடுன நேரத்துக்கு உன் வயசுல மாவட்டத்துல உனக்கு முன்னாடி ஒருத்தி கிடையாது பிள்ள. எங்கிட்ட எல்லா நேரமும் இருக்கு."

மேரி, "நீங்க இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம் சார்" என்றாள். "இத்தினி வருசமா நமக்கு வேகம் பத்தலன்னு நெனச்சிகினு இருந்தேன். அது ஒண்ணும் பெரிய கஷ்டமா இல்ல. கடையில நிக்கறப்ப அத நெனச்சதே இல்ல. இனிமே நெனப்பேன்."

சார் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீ வந்தது. அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே, தான் திருப்பி அனுப்பிய பெண்பிள்ளைகள் எல்லாரையும் தேடிப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். பாதிப் பேரைப் பார்த்தாயிற்று. சிலர் சிரித்தார்கள். ஓர் அம்மா திட்டினாள். "கலா வீடுதான் தெரியல. உங்க தெருவுலதானே இருந்தா? அவளுக்குத்தான் நான் துணிஞ்சு பதிமூணுன்னேன். அது தப்பா இருக்கலாம், சரியாவும் இருக்கலாம். அவளுக்குத் தாளும் இல்ல, தேதியும் இல்ல. பாத்துச் சொல்ல இனிமே வழியும் இல்ல. அதயாவது அவகிட்டச் சொல்லணும்."

"அவ இங்க இல்ல சார். கட்டிக் குடுத்துட்டாங்க. பண்ருட்டிக்கு அந்தாண்ட" என்றேன்.

"அதுக்குள்ளயா?"

மேரி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அவள் கேட்கவில்லை.

"அவளுக்குக் கண்ணாலம் ஆயி மூணு வருசம் ஆவுது சார். அன்னைக்கு நாங்கள்லாம் பதினொண்ணாவது சேர வேண்டிய வயசு. தெருவுல ரெண்டு பேரு கேட்டாங்க, புள்ளைக்கு வயசு வந்துடுச்சான்னு. அவங்கப்பா சொன்னாரு, பி.டி. சாரே பாத்துச் சொல்லியிருக்காரு, அந்தக் கணக்குல பதினெட்டு முடிஞ்சிடுச்சின்னு. அதுக்கப்பறம் யாரும் கேக்கல."

"நான் சொன்னது ஓட்டப்பந்தயத்துக்கும்மா." அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீங்க ஓட்டத்துக்குச் சொன்னீங்க. அவரு கண்ணாலத்துக்கு எடுத்துக்கினாரு."

அப்பா மேரியை அதட்டினார். "சும்மா இருடி."

"இரு ப்பா." மேரி குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க அவ வூட்டுக்குப் போவாதீங்க சார். அவளுக்கு இப்ப ஒரு கொழந்த இருக்குது. வயசாயிடுச்சி, கட்டிக் குடுத்தாங்கன்னு அவ நெனச்சிகினு இருக்கா. நீங்க போய் ரெண்டு வருசம் கம்மியா இருந்தாலும் இருக்கும்னு சொன்னா, அவ அந்த ரெண்டு வருசத்த வெச்சிகினு என்னா பண்ணுவா?"

சார் டீயைக் கீழே வைத்தார். தெரிந்ததைச் சொல்லாமல் ஒருநாளும் இருந்திராத மனிதர். பஸ்ஸில், மைதானத்தில், யாரும் கேட்காத இடத்தில்கூட எழுந்துபோய்ச் சொன்னவர். எழுந்து நின்று வாயைத் திறந்தார். பிறகு, "சரிம்மா" என்றார்.

எங்கள் தெரு மெயின் ரோட்டில் முட்டுகிற இடம் வாசலில் இருந்தே தெரியும். இடப்பக்கம் பண்ருட்டி. வலப்பக்கம் நகரியம். அங்கே வண்டியை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். ஷிப்ட் பஸ் ஒன்று போயிற்று. அவர் வலப்பக்கம் திரும்பினார்.

அதற்குப் பின் அவர் பள்ளியில் யார் வாயையும் பார்க்கவில்லை என்று சொன்னார்கள். தாளில் என்ன இருக்கிறதோ அதற்குக் கையெழுத்துப் போட்டாராம். மீசை வைத்த பையன்கள் மறுபடி பன்னிரண்டு வயதுக்குள் ஓட ஆரம்பித்தார்கள். அதையும் அவர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். மனைவி விருப்ப ஓய்வு வாங்கியதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் தெற்கே போய்விட்டார்கள். மேரி அன்று அவரைத் தடுத்தது சரிதானா என்று நான் அவளிடம் கேட்டதில்லை. அவள் படிக்க வேண்டிய படிப்பையும் சேர்த்துப் படித்தவள் நான். கேட்கிற இடத்தில் இல்லை.

போன வருடம் மாதா கோயில் திருவிழாவுக்குக் கலா வந்திருந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. தேர் கிளம்பக் காத்திருந்த கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, "அக்கா, டீச்சராயிட்டியாமே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மேரியைப் பற்றிக் கேட்டாள். பிறகு சாரைப் பற்றி.

"தரகரு எப்பிடிக்கா இருக்காரு? என் ஆதார்ல, ஓட்டர் ஐடியில எல்லாம் அவரு சொன்ன வயசுதான். எங்கம்மாவுக்கே தெரியாதத அவருதான சொன்னாரு."

"நல்லா இருக்காரு. ஊருக்குப் போயிட்டாரு."

"இருவத்தஞ்சு ஆயிடுச்சிக்கா எனக்கு. நெனச்சிப் பாரு." திடீரென்று ஏதோ நினைவு வந்தவள்போல நின்றாள். "ஆமா, அன்னைக்கு உனக்கும் பதிமூணுன்னுதான சொன்னாரு? அப்ப நீயும் நானும் ஒரே வயசு. நான் எதுக்கு உன்ன அக்கா அக்கான்னு கூப்புட்டுகினு இருக்கேன்?"

அவள் சிரித்தாள். இடுப்பிலிருந்த குழந்தையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. அன்று வரிசையில் மேரிக்குப் பின்னால், அவள் தோளை எட்டிப் பிடித்துக்கொண்டு கலா நின்ற உயரம் எனக்குத் தெரியும்.

"இல்ல கலா" என்றேன். "அக்கான்னே கூப்புடு."